பிளேட்டக்காவின் அவன்

பிளேட்டக்காவுக்கு அச்சகத்தில் ஒருவன் இருக்கிறான் என்று அவளுடைய நாத்தனார் கேள்விப்பட்டாள். நேரடியாகக் கேள்விப்படவில்லை. நாத்தனார் வேலை செய்யும் தையல் கடைக்கு, கை நீளத்தைக் குறைக்கச் சொல்லி ஒரு சட்டையோடு வந்த பெண்மணி சொன்னாள். அந்தப் பெண்மணியும் நேரில் பார்த்தவள் இல்லை. அவளுடைய ஓரகத்தி விசிட்டிங் கார்டு வாங்க அச்சகத்துக்குப் போயிருந்தபோது, உள்ளறையிலிருந்து ஒரு பெண்குரல் கேட்டிருக்கிறது.

"அவன் சூடா இருக்கறப்பவே முடிச்சுட்டுப் போயிடறேன். ஆறிட்டான்னா மறுபடி முதல்லேருந்து ஆரம்பிக்கணும்."

வீட்டில் தேட மாட்டாரா என்று ஓர் ஆண்குரல் விசாரித்திருக்கிறது. அவருக்கு இதெல்லாம் எங்கே தெரியும், பாவம் என்று பெண்குரல் பதில் சொல்லியிருக்கிறது. ஓரகத்தி பதறிப்போய் கார்டுகளைப் பிரித்துப் பார்க்காமலே வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள். அதில் இருந்தது வேறு யாருடைய பெயரோ என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது. அது தனிக்கதை.

இங்கேயே ஒன்றைச் சொல்லிவிடுவது நல்லது. அந்த அவன் ஓர் அடுப்பு. மார்பளவு உயரம், இரும்புக் கதவு, கதவில் கையகலக் கண்ணாடி. ஓவன் என்று சொல்கிறவர்கள் உண்டு; அந்த அச்சகத்தில் எல்லோரும் அவன் என்றே சொன்னார்கள். மைக்ரோவேவ் அவன் என்கிறோமே, அதே அவன்தான். வந்த புதிதில் 'அவன்ல வை', 'அவன்லேருந்து எடு' என்று பேச்சு அஃறிணையில்தான் இருந்தது. பிறகு அது வேண்டாத நேரத்தில் சூடானது, வேண்டிய நேரத்தில் அணைந்தது, முதலாளி எதிரே நின்றால் ஒழுங்காக வேலை செய்தது. குணம் தெரியத் தெரிய அதை உயர்திணையில் சேர்த்துவிட்டார்கள். அவன் இன்னிக்குச் சரியில்லை, அவனைக் கொஞ்சம் பார்த்துக்கோ, அவன் கத்தறான் பாரு. யாரும் திட்டம் போட்டுச் செய்ததில்லை. இலக்கணம் தானாக வந்து ஒட்டிக்கொண்டது.

பிளேட்டக்கா என்பதும் அப்படி ஒட்டிக்கொண்ட பெயர்தான். அவளைவிட வயதில் மூத்த மெஷின்காரரும் அவளை அக்கா என்றுதான் கூப்பிட்டார். வேலை என்று பார்த்தால், அச்சு மெஷினில் மாட்டும் அலுமினியத் தகடுகளை, அதாவது பிளேட்டுகளை, தயார் செய்வது. ஆஃப்செட் அச்சில் தகட்டின்மேல் எழுத்து மேடாகவும் இருக்காது, பள்ளமாகவும் இருக்காது. தடவிப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. எழுத்து இருக்கிற இடம் மையைப் பிடிக்கும். எழுத்து இல்லாத இடம் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு மையை அண்டவிடாது. இரண்டும் ஒரே தகட்டில் ஒன்றையொன்று கண்டுகொள்ளாமல் குடித்தனம் நடத்த வேண்டும்.

வசதியான அச்சகங்களில் இதற்கு லேசர் வைத்திருந்தார்கள். இங்கே முதலாளி இங்க்ஜெட் வாங்கிப் போட்டிருந்தார். வீட்டில் பிள்ளைகளின் பாடத்தை அச்சடித்துக் கொடுக்கும் பிரிண்டருக்கு அண்ணன் மாதிரி இருக்கும். காகிதம் போகிற இடத்தில் தகடு போகும். மைக்குப் பதில் ஒரு திரவம் பொடித் துளிகளாக விழுந்து எழுத்தாகும். அந்த நிலையில் எழுத்துக்கு உறுதி போதாது. ஈரத்துணி பட்டால் கூடவே வந்துவிடும். அவனுக்குள் வைத்துச் சூடு காட்டினால்தான் தகட்டோடு இறுகும். அதற்குப் பிறகு அழுதாலும் போகாது. கடைசியில் பஞ்சில் கோந்து தொட்டுத் துடைத்து மெஷின்காரர் கையில் கொடுத்துவிட்டால் அவள் பாடு முடிந்தது.

ஆகவே எல்லா அக்கறையும் அவனுக்குள் போவதற்கு முன்னால்தான். முக்கியமாகத் தகட்டில் விரல் படக்கூடாது. விரலில் இருக்கும் எண்ணெய்ப்பசை மையை வா வா என்று கூப்பிடும். அப்புறம் அச்சாகும் ஒவ்வொரு தாளிலும் பிளேட்டக்காவின் கட்டைவிரல் ரேகை கையெழுத்துப் போட்டுக்கொண்டே போகும். அதனால் வேலை நேரம் முழுக்க அவள் கையுறை போட்டிருந்தாள்.

இன்னொரு கவலை புள்ளி. துளி விழும் துவாரம் ஒன்று அடைத்துக்கொண்டால் முதலில் காணாமல் போவது மெய்யெழுத்தின் தலையிலிருக்கும் புள்ளிதான். ஒரு தடவை பல் மருத்துவர் ஒருவருக்கு அடித்த துண்டறிக்கையில் அது விழாமல், 'பல மருத்துவமனை' என்று தெருத்தெருவாகப் போய்விட்டது. மருத்துவர் வந்து சத்தம் போட்டார். முழங்கால் வலிக்காரர்களும் கண்ணில் தூசி விழுந்தவர்களும் வந்து வரிசையில் உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்க மாட்டேன் என்கிறார்களாம். இன்னொரு தடவை எங்கிருந்தோ தெறித்த துளி, ஓர் அழைப்பிதழில் ணகரத்தின் தலையில் ஏறி உட்கார்ந்து, மண விழாவை மண் விழாவாக்கப் பார்த்தது. நல்லவேளையாகச் சூடு காட்டுவதற்கு முன் கண்ணில் பட்டது. அதிலிருந்து அவள் பூதக்கண்ணாடி இல்லாமல் எந்தத் தகட்டையும் உள்ளே விடுவதில்லை. வார்த்தை விஷயத்தில் தன்னைவிட உஷாரான ஆள் கிடையாது என்று அவளுக்கு ஒரு நினைப்பும் இருந்தது.

அவள் புருஷன் லிஃப்ட்காரர்; லிஃப்ட் போடுவதும் பழுது பார்ப்பதும் வேலை. அச்சகம் இருந்த கட்டடத்தின் லிஃப்ட், இரண்டு மாடிக்கும் நடுவில் தகட்டுக் கட்டோடு அவளை நிறுத்திவைத்தபோது கதவைப் பிளந்தவர் அவர்தான். கை கொடுத்துத் தூக்கிவிட வந்தார். 'தொடாதீங்க' என்று அவள் கத்தினாள். தகட்டைச் சொன்னாள். அவளையே தொடக்கூடாது என்றதாக அவர் நினைத்துக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, அவளாக ஏறி வரும்வரை சுவரைப் பார்த்து நின்றார். இவ்வளவு அடக்கமான மனிதர் உலகத்தில் உண்டா என்று அவள் யோசிக்க ஆரம்பித்தது அங்கேதான். இருவருக்குமே நாற்பது தாண்டியிருந்தது. கல்யாணம் சுருக்கமாக நடந்தது.

லிஃப்ட்காரருக்கு முன்பு ஒரு மனைவி இருந்தாள். அவள் ஒருவனோடு போய்விட்டாள். போனவனின் பெயரை அவர் வாயால் சொன்னதில்லை. சொல்ல வேண்டிய இடத்திலெல்லாம் 'அவன்' என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார். பிறகு அந்தச் சொல்லையே விட்டுவிட்டார். பக்கத்து வீட்டுச் சின்னப் பையன் அவருக்கு 'அவரு'. ஜன்னல் வழியாக வந்து பாலைக் குடிக்கும் பூனையும் அவரு. பிளேட்டக்கா இதை மரியாதைக் குணம் என்று எடுத்துக்கொண்டு உள்ளுக்குள் பெருமைப்பட்டாள்.

கல்யாணமான புதிதில் அவர் ஒருநாள், உனக்கு அங்கே என்னதான் வேலை என்று கேட்டார். அவள் தகட்டில் ஆரம்பித்துத் துளிக்கு வந்தாள். சூட்டுக்கு வருவதற்குள் மாடி வீட்டில் தண்ணீர்க் குழாய் வெடித்து, இருவரும் வாளியோடு ஓட வேண்டியதாயிற்று. விளக்கம் துளியோடு நின்றது. முழுக்கச் சொல்லிவிட்டதாக அவள் நினைத்துக்கொண்டாள். முழுக்கக் கேட்டுவிட்டதாக அவரும் நினைத்துக்கொண்டார்.

மத்தியானங்களில் அவர் போன் செய்வார். பேச்சு சட்டென்று வருகிற ஆள் இல்லை. 'ஒண்ணுமில்ல' என்று ஆரம்பித்து, வெயிலைப் பற்றி ஒரு வார்த்தை, லிஃப்ட் கம்பியைப் பற்றி ஒரு வார்த்தை என்று மெல்ல மெல்ல விஷயத்துக்கு வருவார். அவள் கையுறையோடு ஸ்பீக்கரில் போட்டுக் கேட்டுக்கொண்டிருப்பாள். அவர் விஷயத்தின் வாசலுக்கு வந்து செருப்பைக் கழற்றும் நேரத்தில் அடுப்பு பீப் பீப் என்று கத்தும். உடனே எடுக்காவிட்டால் தகடு தீய்ந்துபோகும்.

"அவன் கூப்பிடறான். வைக்கட்டுமா?"

வைக்கட்டுமா என்பது கேள்வி இல்லை. பதில் வருவதற்குள் முழங்கையால் வைத்திருப்பாள்.

மாதக்கணக்கில் இப்படி நடந்தது. லிஃப்ட்காரர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டுத் தெரிந்துகொண்ட அனுபவம் அவருக்கு ஏற்கெனவே ஒரு தடவை போதுமான அளவு இருந்தது. அந்தச் சமயத்தில்தான் நாத்தனார் தையல் கடையில் கேட்டதைத் தன் தம்பியான அவரிடம் கொண்டுவந்து கொட்டினாள். அவர் கேட்டுக்கொண்டார். வெளியூரில் ஓர் ஆஸ்பத்திரிக்கு லிஃப்ட் போட ஆள் தேவைப்பட்டது. மற்றவர்கள் தட்டிக்கழித்த அந்த வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டார். கருவிப் பையையும் தலையணையையும் எடுத்துக்கொண்டு கிளம்பினார். லிஃப்ட் போடப் போகிறவருக்குத் தலையணை எதற்கு என்று பிளேட்டக்காவுக்குச் சாயங்காலம் படுக்கையை உதறும்போதுதான் தோன்றியது.

அதற்குப் பிறகு மத்தியானப் போன் நின்றுவிட்டது. அவளாகக் கூப்பிட்டால் எடுத்தார். சாப்பிட்டாச்சு என்றார், சரி என்றார், பார்க்கலாம் என்றார். எப்போது வருவீர்கள் என்றால், வேலை முடியட்டும் என்றார். உடம்பு சரியில்லையோ, கம்பெனியில் தகராறோ என்று அவள் நினைக்காத காரணமில்லை. எல்லாவற்றையும் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தாள். புள்ளி எங்கே விழுந்திருக்கிறது என்று மட்டும் தெரியவில்லை.

தெரியவைத்தது நாத்தனார். தம்பி ஊரைவிட்டே போன பிறகு, ஆளை நேரில் பார்த்து நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டுவிட வேண்டும் என்று ஒருநாள் அச்சகத்துக்கு வந்தாள். முன்னறையில் மெஷின்காரர் உருளையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அவன் எங்க இருக்கான்?" என்றாள் நாத்தனார்.

மெஷின்காரர், அடுப்பு ரிப்பேருக்குக் கம்பெனியிலிருந்து அனுப்பிய அம்மாள் என்று நினைத்துக்கொண்டார். பெண்களும் இப்போது எல்லா வேலைக்கும் வருகிறார்கள் என்பதில் அவருக்கு ஆட்சேபம் இல்லை.

"உள்ள அக்காகூட இருக்கான். இப்பப் பார்க்க முடியாதும்மா, சூடா இருக்கான்."

"எத்தனை நாளா இது?"

"ஒரு வருஷம் ஆயிருக்கும். முதலாளிதான் கொண்டாந்து விட்டாரு. வேற ஒருத்தர்கிட்ட இருந்தவன்தான். அவங்க வெச்சுச் சமாளிக்க முடியலேன்னு தள்ளிவிட்டுட்டாங்க."

"முதலாளிக்கே தெரியுமா?"

"அவருக்குத் தெரியாமலா? அக்காவைத் தவிர யாரும் அவனைத் தொடக்கூடாதுன்னு சொன்னதே அவருதான்."

நாத்தனாருக்கு மேற்கொண்டு கேட்க ஒன்றும் இருக்கவில்லை. கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். பிளேட்டக்கா கையுறையோடு ஒரு தகட்டை வெளியே இழுத்துக்கொண்டிருந்தாள். அறை சூடாக இருந்தது. அவளைத் தவிர யாரும் இல்லை.

"வாங்க அண்ணி" என்றாள் பிளேட்டக்கா. "அங்கேயே நில்லுங்க. அவன்மேல இடிச்சுக்காதீங்க, சுட்டுடும்."

நாத்தனார் அடுப்பைப் பார்த்தாள். பின்பக்கம் எட்டிப் பார்த்தாள். சுவர் இருந்தது. மறுபடி முன்பக்கம் வந்து கண்ணாடி வழியாக உள்ளே பார்த்தாள்.

"இதுவா அவன்?"

"ஆமா. ஏன் அண்ணி?"

நாத்தனார் அங்கிருந்த முக்காலியில் உட்கார்ந்து, தண்ணீர் வாங்கிக் குடித்தாள். பிறகு சட்டைக்காரப் பெண்மணியிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லச் சொல்ல, கதையில் தன் பங்கு கொஞ்சம் சின்னதாகிக்கொண்டே வருமாறு பார்த்துக்கொண்டாள். பிளேட்டக்கா கையிலிருந்த தகட்டை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றாள். அவன் கூப்பிடறான், அவன் கூப்பிடறான் என்று, மனைவியைப் பறிகொடுத்த மனிதரிடம் மத்தியானத்துக்கு மத்தியானம் சொல்லியிருக்கிறாள். அதுவும் ஸ்பீக்கரில்.

நாத்தனார் நல்ல மனசுக்காரி. தப்பு என்று தெரிந்ததும் தம்பியை அங்கேயே போனில் பிடித்தாள்.

"தம்பி, அது அடுப்புடா."

"எது?"

"அவன்."

"எவன்?"

"அதான்டா, அவன். நான் நேர்லயே பார்த்துட்டேன். நல்லாத்தான் இருக்கான்."

"நீயும் அவகூடச் சேர்ந்துட்டியாக்கா" என்று மட்டும் சொல்லிவிட்டு அவர் வைத்துவிட்டார். நாத்தனார் கைப்பையை எடுத்துக்கொண்டாள். நான் சொன்னால் எடுபடாது, நீயே நிதானமாக எடுத்துச் சொல் என்று புத்தி சொல்லிவிட்டு, சட்டைக்காரப் பெண்மணியிடம் எந்த முகத்தோடு பேசுவது என்று யோசித்துக்கொண்டே படியிறங்கினாள்.

வேலை முடிந்ததும் பிளேட்டக்கா மாடிப்படியில் உட்கார்ந்து கூப்பிட்டாள். அவர் எடுத்தார். இந்தத் தடவை அவள் எதையும் விடவில்லை. தகடு, துளி, சூடு, கோந்து. உள்ளே எத்தனை டிகிரி என்று அவர் கேட்டார். சொன்னாள். சூட்டை எது கட்டுப்படுத்துகிறது என்று கேட்டார். அதையும் சொன்னாள். கதவு ரப்பர் தேய்ந்திருந்தால் சூடு ஒரே சீராக நிற்காதே என்றார். ஆமாங்க, அதேதான் தொல்லை என்றாள். இயந்திரத்தைப் பற்றி இவ்வளவு கேட்கிறாரே, இனி கவலை இல்லை என்று அவளுக்கு மூச்சு வந்தது.

"சரி, அடுப்பாவே இருக்கட்டும்" என்றார்.

"இருக்கட்டும் இல்லீங்க. அடுப்புதான்."

"அடுப்புதான். நம்பறேன். ஆனா ஒவ்வொரு தடவையும் போனை வெச்சது நீதானே."

பிளேட்டக்கா வாயைத் திறந்தாள். தகடு தீய்ந்துபோகும் என்பதுதான் பதில். அது சரியான பதில் என்பதில் அவளுக்குச் சந்தேகமும் இல்லை. ஆனால் போனை இன்னொரு காதுக்கு மாற்றிக்கொண்டாள்.

"ஊருக்குக் கிளம்பறதுக்கு முன்னாடி ஒருநாள் மத்தியானம் ஒரு விஷயம் சொல்லலாம்னு கூப்பிட்டேன்" என்றார் அவர்.

"என்ன விஷயங்க?"

"அது இப்பப் பழசாயிடுச்சு. கம்பெனியில என்னை இங்கேயே இருக்கச் சொல்றாங்க. நிரந்தரமா. நாளைக்கு மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம் மேனேஜர் வருவாரு, பதில் சொல்லணும்."

"நீங்க என்ன சொல்லப் போறீங்க?"

அந்தப் பக்கம் யாரோ லிஃப்ட்காரரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது போனில் கேட்டது. "கூப்பிடறாங்க, வைக்கறேன்" என்றார். வைத்தார். அவளுக்கு முன்னால் அவர் போனை வைத்தது அதுதான் முதல் தடவை.

இரவெல்லாம் அவள் பதிலைத் தயார் செய்தாள். முதலில் தயாரானது நீளமாக இருந்தது. அதில் நாத்தனாருக்கும் சட்டைக்காரப் பெண்மணிக்கும் தலா ஒரு பத்தி ஒதுக்கியிருந்தாள். காலையில் பல் துலக்கும்போது அந்தப் பத்திகளை எடுத்துவிட்டாள். பஸ்ஸில் அடுப்பைப் பற்றிய பகுதியை எடுத்தாள். அச்சகத்துக்கு வந்து சேர்ந்தபோது, வாங்க என்ற ஒரு வார்த்தைதான் மிச்சமிருந்தது. அதற்கு முன்னால் அவரிடம் அந்தப் பழசாகிப்போன விஷயத்தைக் கேட்க வேண்டும். அவர் வெயிலில் ஆரம்பித்து, கம்பிக்குப் போய், அங்கிருந்து விஷயத்துக்கு வர எவ்வளவு நேரம் ஆகுமோ, அவ்வளவு நேரமும் வேண்டும்.

அன்று பார்த்து அவசர வேலை. ஒரு பள்ளிக்கூடத்துக் கேள்வித்தாள். தகடுகள் மேஜையில் வரிசையாகக் கிடந்தன. துளி விழுந்தாயிற்று, சூடு காட்டவில்லை. மத்தியானம் நெருங்கியதும் பிளேட்டக்கா அடுப்பின் சுவிட்சை அணைத்தாள். கையுறைகளைக் கழற்றினாள். தகடுகளின் பக்கம் கை போய்விடாமல் ஜன்னலோரம் தள்ளிப்போய் நின்றுகொண்டாள்.

மெஷின்காரர் எட்டிப் பார்த்தார். ஒன்றும் புரியாமல் முன்னறைக்குத் திரும்பிப்போய் முதலாளியிடம் தகவல் சொன்னார்.

"அக்கா அவனை அணைச்சுட்டாங்க."

"இந்த நேரத்துலயா?" என்றார் முதலாளி.

நோட்டீஸுக்கு மாதிரித் தாள் பார்க்க வந்து உட்கார்ந்திருந்த ஓர் அம்மாள், கையிலிருந்த தாளை மெல்லக் கீழே இறக்கி, உள்ளறைக் கதவைப் பார்த்தாள். அவள் எந்தத் தையல் கடையில் துணி கொடுப்பவள் என்று யாரும் விசாரிக்கவில்லை.

உள்ளே பிளேட்டக்கா எண்ணை அழுத்தி, ஸ்பீக்கரில் போடாமல், போனைக் காதோடு வைத்துக்கொண்டாள். மணி போனது. அவர் லிஃப்ட் குழிக்குள் இருக்கலாம். அங்கே எடுக்க நேரமாகும். சாப்பிட்டுக்கொண்டிருக்கலாம், கை கழுவ வேண்டும். மேனேஜர் முன்கூட்டியே வந்திருக்கலாம். அதை அவள் யோசிக்கவில்லை. மணி நின்றது. மறுபடி அழுத்தினாள்.

முதலாளி கதவருகே வந்து, தகடு எப்போது ஆகும், மெஷின் சும்மா நிற்கிறது என்றார். அவள் திரும்பாமல் வெறும் கையை உயர்த்தி, கொஞ்சம் இருங்கள் என்று காட்டினாள். முதலாளி இருந்தார். மெஷின்காரரும் அவர் பின்னால் வந்து நின்றுகொண்டார்.

அந்தப் பக்கம் அவர் போன் அடித்துக்கொண்டிருந்தது.